7,500 கிலோவுக்கு உள்ளேயா, மேலேயா? விபத்து வழக்கில் ஆர்.சி. புக்கைப் பாருங்க

லோடு வேன் மோதி ஒருவர் இறந்து விடுகிறார். புகாரில் 'சரக்கு வேன்' என்று எழுதி, நம்பரைப் போட்டு முடித்து விடுகிறார்கள். வண்டியின் மொத்த எடை எவ்வளவு? இழப்பீட்டை யார் கட்டுவது என்ற சண்டையே அதில்தான் வரும்.

மொத்த எடை என்றால் அன்றைக்கு ஏற்றிய லோடு அல்ல. காலி வண்டியும், ஏற்ற அனுமதித்த சரக்கும் சேர்த்து ஆர்.சி. புக்கில் போட்டிருக்கும் அளவு. நிறைய பேர் இங்கேதான் குழம்புறாங்க.

அது 7,500 கிலோவை தாண்டாவிட்டால் இலகு ரக வாகனம். கார் ஓட்டுகிற லைசென்சே போதும், தனி ஒப்புதல் வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் பெஞ்ச் 2024 நவம்பர் 6-ந்தேதி தீர்ப்பு கூறியது. தாண்டினால் கதை வேறு. 'டிரைவருக்கு உரிய லைசென்சு இல்லை' என்று இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். கம்பெனி முதலில் கட்டினாலும் பிறகு ஓனரிடம் வசூலிக்க கோர்ட்டு அனுமதிப்பது உண்டு. சின்ன ஓனர் என்றால் வீட்டை விற்க வேண்டியதுதான்!

ஓவர்லோடு தனி விவகாரம். அதற்கு எடை மேடை சீட்டு வேண்டும். கிரேன் வந்து சரக்கை இறக்கிய பிறகு எடை போட்டு என்ன பிரயோஜனம்?

2022 ஏப்ரல் முதல், போலீசார் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்கு தர வேண்டும். அதற்குள் பாதிக்கப்பட்ட குடும்பத்தார் ஆர்.சி. நகலை வாங்கி, மொத்த எடை கட்டத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.