அக்கா மாத்திரை தங்கைக்கு ஆகுமா?

திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறிச் சிதம்பரத்தில் இறங்குவதற்குள், காசு கொடுக்காமலே எத்தனை வைத்தியம் கிடைக்கிறது தெரியுமா? அன்று எனக்கு எதிரே அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்குமே தைராய்டுக் குறை.

"ரெண்டு வருஷமா மாத்திரை முழுங்குறேன்க்கா, அசதி மட்டும் போகலியே!" என்றாள் சிதம்பரத்துத் தங்கை.

"எனக்கு டாக்டர் ரெண்டு தினுசு சேர்த்துக் கொடுத்திருக்காரு. நீயும் இதைப் போட்டுப் பாரேன்" என்று பையைத் திறந்தாள் கடலூர் அக்கா.

பரிவுதான், சந்தேகமில்லை. ஆனால் சகோதரிகளே, புடவையை மாற்றிக் கட்டலாம்; மாத்திரையை மாற்றிக் கொள்ளலாமா?

கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி தருவது முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள். ஒன்று தைராக்ஸின், அதாவது டி4. அமெரிக்காவில் கெண்டல் 1914-ல் அதைப் பிரித்தெடுத்தார். மற்றது டி3. 1952-ல் லண்டனில் ராசலிண்ட் பிட்-ரிவர்ஸ் என்ற பெண்மணியும் ஜாக் கிராஸும் அதைக் கண்டுபிடித்தார்கள். டி4 அரிசி என்றால் டி3 சோறு. அரிசியைக் கொடுத்துவிட்டால் உடம்பே வேண்டிய மட்டும் வடித்துக் கொள்கிறது. அதனால்தான் பெரும்பாலோருக்கு டி4 மாத்திரை ஒன்றே போதுகிறது.

சிலருக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை சரியாக வந்தும் அசதியும் மனச்சோர்வும் விடுவதில்லை. 1999-ல் 33 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் மனம் தெளிந்தது என்றார்கள். எவ்வளவு பரபரப்பு! பின்னர் நடந்த ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் அந்த மேன்மை தெரியவில்லை. ஆகவே சேர்க்கை மருந்து, சிலருக்கு மட்டும் சில மாதம் செய்து பார்க்கும் சோதனை; அதுவும் டாக்டரின் கண் பார்வையில்.

ஏன் இந்தக் கண்டிப்பு? ரத்தத்தில் டி4 பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டி3-க்கு ஒரு நாள் போதும். சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும். நாளடைவில் எலும்பு பலம் இழக்கும். இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. கர்ப்பிணிகளுக்குச் சேர்க்கை ஏற்றதல்ல; சிசுவின் மூளை வளரத் தாயின் டி4-தான் வேண்டும்.

பத்திரிகைக்காரப் புத்தி சும்மா இருக்குமா? "மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள்?" என்று தங்கையைக் கேட்டேன்.

"காலையில காபியோடதான். கூடவே இரும்புச் சத்து மாத்திரையும்."

அகப்பட்டது திருடன்! காபியும் இரும்பும் மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி வரை பொறுத்துத்தான் காபி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இப்படி ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டு, டி.எஸ்.ஹெச். பரிசோதனை செய்து பார்த்த பிறகே அளவை மாற்றும் பேச்சு.

சிதம்பரம் வந்துவிட்டது. தங்கை அக்காவின் பையை மூடினாள்.

"முதல்ல காபியைத் தள்ளி வைக்கிறேன். அப்புறம் அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில கேட்டுக்கறேன்க்கா."

உங்கள் வீட்டில் மாத்திரைக்கும் காபிக்கும் எத்தனை நிமிஷம் இடைவெளி?