மேல்முறையீடு: தீர்ப்புக்குப் பிறகும் திறந்திருக்கும் வழி

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை என்று கேட்டதும் பல குடும்பங்கள் எல்லாம் முடிந்ததென்று இடிந்துபோகின்றன. சட்டம் அப்படிக் கைவிடுவதில்லை. படாளத்தில் நடந்த கொலைக்குச் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனை விதித்தால், அடுத்த படி சென்னை உயர் நீதிமன்றம். அங்கே மேல்முறையீடு செய்வது தண்டிக்கப்பட்டவரின் உரிமை. கெடு 60 நாள். தூக்குத் தண்டனைக்கு 30 நாள். தூக்கை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்றவே முடியாது.

மேல்முறையீட்டை விசாரிப்பது இரு நீதிபதிகள் அமர்வு. சாட்சிகள் மீண்டும் கூண்டேறுவது அரிது. கீழ்க்கோர்ட்டில் பதிவான சாட்சியம், மகஜர், பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை நீதிபதிகள் புதிதாக எடைபோடுகிறார்கள்.

முதல் தகவல் அறிக்கையையே பாருங்கள். நடுவர் அதைப் பெற்ற தேதியும் நேரமும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். காலையில் படாளம் ஸ்டேஷனில் பதிவானது, பக்கத்திலுள்ள மதுராந்தகம் நடுவரிடம் நள்ளிரவில்தான் சேர்ந்தது என்றால், இடையில் யார் பெயராவது சேர்க்கப்பட்டதா என்று வக்கீல் கேட்பார். தாமதம் மட்டுமே வழக்கை உடைக்காது. ஆனால் போலீஸ் தரும் விளக்கம் நம்பும்படி இருக்க வேண்டும். அரிவாளால் வெட்டியதாகச் சாட்சி சொல்ல, மருத்துவர் கண்டது வேறுவகைக் காயமென்றால் சந்தேகம் வலுக்கும். நேரில் கண்டவரே இல்லாத வழக்கில் சந்தர்ப்பச் சாட்சியங்கள் அறுபடாத சங்கிலியாக இருக்க வேண்டும் என்று 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

விடுதலை, தண்டனை உறுதி, கொலையாகாத மரணம் எனக் குற்றத்தைக் குறைத்தல், மறுவிசாரணை ஆகியவற்றில் எதுவும் முடிவாகலாம். நீதிபதிகள் இருவரும் மாறுபட்டால் மூன்றாமவர் கேட்பார்.

மேல்முறையீட்டின் வலிமைக்குத் தமிழ்நாடறிந்த சாட்சி லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பரில் அந்தப் பத்திரிகையாளர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் திரைப்பட நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். உயர் நீதிமன்றம் முதலில் மேல்முறையீட்டைத் தள்ளியது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் மறுபடி விசாரிக்கச் சொன்னது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள்.

அவர்களிடம் பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். இல்லாதவருக்கும் வழி உண்டு. சிறைக் கண்காணிப்பாளரிடம் மனு கொடுத்தால் அவரே உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எதுவாயினும், 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் கிடைப்பார். கெடு கடந்திருந்தாலும் காரணம் காட்டிப் பொறுத்தருளக் கேட்கலாம். உங்கள் ஊரில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், இதை இன்றே சொல்லுங்கள்.