கரையில் நின்ற ஆசான்

நொய்யலில் சாயநீர் கலந்த காலமுதல், நம் நல்லூர்ப் பிள்ளைகள் ஆற்றில் நீச்சல் பழகும் வழக்கம் அற்றுப்போயிற்று. வகுப்பில் அவர்களுக்கு நாம் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு.

நெய்வேலியில் வளர்ந்த ஸாஜன் பிரகாஷ் 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் நீந்தியவர். பின்னர் கழுத்தில் ஏற்பட்ட கோளாறு அவரை முடக்கிற்று. இனி நீந்துவது சாத்தியமா என்ற ஐயம் எழுந்த வேளையில், 2020-இல், துபாயிலிருந்த தம் ஆசான் ஸ்ரீ பிரதீப் குமாரிடம் சென்று சேர்ந்தார். 2016-இல் துரோணாச்சாரியார் விருது பெற்ற அப்பெரியார், சீடரைக் கைவிடவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. சிறிது சிறிதாகத் தேற்றினார்.

2021 ஜூன் 26-ஆம் தேதி ரோமாபுரியில், 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலை ஸாஜன் 1 நிமிஷம் 56.38 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு நேரே தகுதி பெற வேண்டிய காலம் 1 நிமிஷம் 56.48 விநாடி. வித்தியாசம் விநாடியில் பத்தில் ஒரு பங்கு! அந்த 'ஏ' தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவரே.

வென்றவருக்கு மாலையிடுகிறோம், கரையில் நின்றவரை மறந்துவிடுகிறோம். தேசத்திற்குப் பதக்கம் வேண்டுமென்போர், ஊர்தோறும் தூய நீரும், அதன் கரையில் பொறுமையுள்ள ஓர் ஆசானும் வேண்டுமென்று முதலில் கேட்பார்களாக!