கருவிக் காட்சியும் உள்ளக் காட்சியும்

முன்னின்ற பொருளை நின்றவாறே பதித்துக்கொள்ளுதல் நிழற்படக் கருவியின் இயல்பு என்பர் பலர். அங்ஙனமாயின், ஒரே மலையின்முன் ஒரே பொழுதில் நின்று படமெடுப்பார் இருவர்தம் படங்கள் வேறுபடுதல் கூடாது. வேறுபடவே காண்கின்றோம். அவ்வேறுபாடு கருவியின்பாலதோ, அதனை இயக்குவோன்பாலதோ என்பது ஆராயத்தக்கது. மலைகளையும் அவற்றின்மேற் படியும் ஒளியையுமே வாழ்நாட் பற்றுக்கோடாகக் கொண்ட அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்ஸல் ஆடம்ஸ் என்பார் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாம்.

அவர் 1902-ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவிலுள்ள சான் பிரான்ஸிஸ்கோ நகரிற் பிறந்தார். பள்ளியின் கட்டுப்பாட்டிற்கு அடங்காத சிறுவராய் இருந்தமையின், தந்தையார் அவரை வீட்டிலேயே பயிற்றுவித்தார். இளமையில் அவர் பியானோ வாசிப்பதனையே தொழிலாகக் கொள்ளக் கருதியிருந்தார். 1916-இற் பெற்றோருடன் யோஸமிட்டிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றபோது அவர்கள் அளித்த கோடாக் பெட்டிக் கருவியே அவரது முதற் படக்கருவி. அன்று தொடங்கி 1984-இல் உயிர்நீக்குங்காறும் ஆண்டுதோறும் அப்பள்ளத்தாக்கினை அவர் நாடிச் சென்றார்.

1923-இல் ஒரு நாட்காலை, ஆங்குள்ள கிளார்க் மலையின் மேல்பால் முகட்டில் ஏறுங்கால், ஒளியைப் பற்றிய கூரிய உணர்வொன்று தம்மை வழியிடையே நிறுத்தியதென்று அவர் பின்னர் எழுதினார். புல்லும் மணலும் அவர்க்கு அதுகாறுங் காணாத் தெளிவுடன் விளங்கின. அவ்வுணர்வு சிறிது பொழுதே நின்றது; அதன் பதிவோ நீங்கிற்றில்லை. இத்தகைய அநுபவம் உயிரற்ற கருவியில் எங்ஙனம் ஏறும்?

அதற்கு விடை 1927-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் கிடைத்தது. ஹாப் டோம் என்னும் செங்குத்தான பெரும்பாறையின் முகத்தைப் படமெடுக்க அவர் பனியினூடே கருவியைச் சுமந்து ஏறினார். உரிய இடத்தை அடைந்தபோது கண்ணாடித் தகடுகள் இரண்டே எஞ்சியிருந்தன. முதல் தகட்டை மஞ்சள் நிறக்கண்ணாடி வழியே எடுத்தார். எடுத்த அளவிலே, பாறையின் வடிவு அதில் வருமேயன்றித் தாம் உணர்ந்த வியப்பு வாராதென்று தெளிந்தார். ஆகவே, கடைசித் தகட்டிற்குச் செந்நிறக் கண்ணாடியை இட்டார். அது நீல ஒளியைத் தடுத்தலின் வானம் கருமையாகப் பதிந்தது. பாறை ஓங்கி விளங்கிற்று. எடுக்குமுன்னரே முடிந்த படத்தை உள்ளத்திற் காண்டலே கலையின் முதற்படி என்று அவர் பின்னர்ப் பலகாலும் கற்பித்தார்.

நீலவானைக் கருவானாகக் காட்டுதல் திரிபுக்காட்சி ஆகாதோ எனின், ஆகாது. கறுப்பு வெள்ளைத் தகட்டில் நீலம் நீலமாகப் பதிதல் எஞ்ஞான்றும் இல்லை. எந்நிறமும் கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட ஒரு படியாகவே மாறும். ஆதலின், மாற்றமின்றிப் பதிக்கும் படம் என்பதொன்று இல்லை. எவ்வகை மாற்றம் உண்மைக்குத் துணையாம் என்பதே வினா. திரிபாவது கயிற்றைப் பாம்பெனக் கொள்ளுதல்போல ஒன்றைப் பிறிதொன்றாகக் கொள்ளுதல். ஈண்டுப் பாறை பாறையாகவே நின்றது. அதன் பெருமை புலப்படும்பொருட்டு வானம் ஒதுங்கி நின்றது.

அற்றேல், அவரவர் விருப்பமே உண்மையாய் முடியுமோ எனின், முடியாது. விருப்பத்தை நெறிப்படுத்தப் பயிற்சி வேண்டும். 1940-ஐ ஒட்டி ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சர் என்பாரும் கருமை முதல் வெண்மை ஈறாக உள்ள ஒளிநிலைகளைப் படிப்படியாக வகுத்து, ஒவ்வொன்றும் படத்தில் எங்ஙனம் அமையும் என்பதை முன்னரே கணிக்கும் முறையை வகுத்தனர். அதன் பயன் 1941-இல் விளங்கிற்று. நியூ மெக்ஸிகோவிலுள்ள ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் நிலவு எழ, கல்லறைச் சிலுவைகள்மேல் மாலைவெயில் மறையுந் தறுவாயில் இருந்தது. ஒளியளக்குங் கருவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 காண்டில் என்று நினைவிலிருந்தே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்குமுன் சிலுவைகளை விட்டு வெயில் அகன்றது. உணர்வு மாத்திரம் இருந்து பயிற்சி இல்லையாயின் அப்படம் இல்லை.

இனி, அவர் நேசித்தது மலையையோ, மலையைக் கண்டு களித்த தம் மனத்தையோ என்று ஐயுறுவாரும் உளராகலாம். தன் களிப்பையே நேசிப்பவன் படம் கைவந்தபின் மலைக்கு நேரும் கேட்டைக் கருதான். ஆடம்ஸோ 1934 முதல் 1971 வரை, முப்பத்தேழாண்டுகள், சியரா சங்கத்தின் இயக்குநருள் ஒருவராய் இருந்து காடும் மலையுங் காக்கப் பணிசெய்தார். 1936-இற் கிங்ஸ் கான்யன் பகுதியைக் காக்கவேண்டித் தம் படங்களுடன் வாஷிங்டன் சென்று வாதாடினார். 1938-இல் வெளிவந்த அவரது சியரா நெவாடாப் படநூல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் கைக்கும் எட்டியது. 1940-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. படம் எடுத்தவரின் அன்பு படத்தோடு நின்றிலது என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே, முற்கூறிய வேறுபாடு காண்பான்பாலதே என்பது பெறப்பட்டது. கருவி ஒளியைப் பதிக்கும். எவ்வொளியை, எப்பொழுதில், எதன்பொருட்டு என்பதனை அது அறியாது. அதனை அறிதற்கு ஒருவன் நெடுங்காலம் ஒரு பொருளின்முன் பணிந்து நிற்றல் வேண்டும். ஆடம்ஸ் அறுபத்தெட்டு ஆண்டுகள் அங்ஙனம் நின்றார். 1985-இல் அம்மலைத்தொடரின் முகடொன்றிற்கு அவர் பெயர் இடப்பட்டது.