செங்காந்தள்: அறிதலும் வளர்த்தலும்

மழைக்காலம் தொடங்கிச் சில வாரங்கள் கழிந்தபின், இந்தியாவின் பல பகுதிகளில் வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் தீச்சுடர் போன்ற மலர்களைத் தாங்கிய கொடியொன்று காணப்படும். அதுவே செங்காந்தள். தாவரவியலார் இதனைக் குளோரியோசா சூப்பர்பா என வழங்குவர். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு இப்பெயரை இட்டார். இந்தியில் கலிஹாரி, மலையாளத்தில் மேந்தோன்னி, வங்காளத்தில் உலட்சண்டால் என்பன இதன் பெயர்கள். வடமொழியில் லாங்கலி எனவும் தமிழில் கலப்பைக்கிழங்கு எனவும் இது பெயர் பெற்றமைக்கு, இதன் கிழங்கு கலப்பையைப் போல் வளைந்து கவடுபட்டிருப்பதே காரணமாகும். கண்வலிக்கிழங்கு, கார்த்திகைப்பூ என்னும் பெயர்களும் வழக்கில் உள்ளன. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

இக்கொடியை இனங்காண்பது கடினமன்று. இலைகள் காம்பின்றித் தண்டிலேயே அமர்ந்து, ஈட்டி வடிவில் நீண்டிருக்கும். நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி, அருகிலுள்ள செடிகளைப் பற்றிக்கொண்டு ஏறும். மலர் தலைகீழாகத் தொங்க, அலை போன்ற விளிம்புடைய ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து நிற்கும். முதலில் பசுமையாகத் தோன்றும் இதழ்கள், பின் மஞ்சளாகி, முடிவில் செந்நிறம் பெறும். ஆகையால் ஒரே கொடியில் பலநிற மலர்களைக் கண்டு, அவை வெவ்வேறு இனங்கள் என எண்ணுதல் கூடாது.

மலரும் இலையும் உள்ளபோது ஐயத்திற்கு இடமில்லை. கொடி காய்ந்து, கிழங்கு மட்டும் மண்ணில் எஞ்சியிருக்கும் காலமே ஆபத்தானது. உண்ணத்தக்க வள்ளிக்கிழங்கு என்றோ சர்க்கரைவள்ளி என்றோ கருதி இதனைச் சமைத்து உண்டு உயிரிழந்தோர் உளர். கிழங்கு, விதை முதலிய எல்லாப் பகுதிகளிலும் கால்சிசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. சமைப்பதனால் இந்நஞ்சு நீங்குவதில்லை. உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தோன்றும். அவை தணிந்தாலும், அடுத்த நாட்களில் எலும்பு மச்சையும் ஏனைய உறுப்புகளும் கேடுறக்கூடும். மருத்துவமனைகளில் பொதுவாகக் கிடைக்கும் தனி முறிமருந்து எதுவும் இதற்கு இல்லை. ஆதலின் கிழங்கை உண்டவருக்கு நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல், எஞ்சிய கிழங்குடன் அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

களப்பணியாளர் கிராம மக்களுக்குக் கூறவேண்டிய விதி எளியது: இலையைக் கண்டறியாத கிழங்கை உண்ணலாகாது. வள்ளிக்கொடியின் இலை பெரும்பாலும் இதய வடிவினது. அதற்குத் தெளிவான காம்பு உண்டு. நுனியில் பற்றுக்கம்பி இராது.

இக்கொடியைத் தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர், நீர் தேங்காத செம்மண் கலந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்தல் நலம். நீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். கிழங்கின் ஒவ்வொரு கவட்டின் நுனியிலும் முளை இருக்கும். அது முறிந்தால் கொடி எழாது. ஆகவே கிழங்கை மெல்லக் கையாளுதல் வேண்டும். பருவமழையின் தொடக்கத்தில், சுமார் 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில், கிழங்கைப் படுக்கை நிலையில் நடலாம். கொடி பற்றி ஏறுவதற்குக் காய்ந்த முட்கிளைகளையோ கம்பிப் பந்தலையோ அமைத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் இதனை விதைக்காகப் பயிரிடும் உழவர் சிலர் கிளுவையை உயிர்த்தாங்கியாக வளர்க்கின்றனர். விதையிலிருந்தும் கொடியை வளர்க்கலாம். எனினும் அவ்வாறு வளர்ந்த கொடி பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

காய் பிடிப்பது குறைவாயின் வியப்பில்லை. இம்மலரின் சூல்தண்டு அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக வளைந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கிறது. ஆகவே மலரின் சொந்த மகரந்தம் சூல்முடியில் எளிதில் படுவதில்லை. வண்ணத்துப்பூச்சிகள் போன்றவை இப்பணியைச் செய்கின்றன. பயிரிடுவோர் காலை வேளையில் கையாலும் மகரந்தச்சேர்க்கை செய்கின்றனர். அயல் மகரந்தச்சேர்க்கையை மாணவர்க்கு விளக்க இதனினும் தெளிவான மலர் அரிது. பாடம் முடிந்தபின் மாணவர் கைகளை நன்கு கழுவுமாறு ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நஞ்சாகிய இதே பொருள் உரிய அளவில் கீல்வாத நோய்க்கு மருந்தாகிறது. பயிர்களின் நிறப்புரிகளை இரட்டிப்பாக்கவும் இது உதவும் என்பது 1937ஆம் ஆண்டில் அறியப்பட்டது. இம்மதிப்பின் காரணமாகக் காடுகளில் கிழங்குகள் பெருமளவில் தோண்டப்பட்டு, பல இடங்களில் கொடி அருகிவருகிறது. ஆகவே நடுவதற்குரிய கிழங்கைக் காட்டிலிருந்து எடுக்காமல், பயிரிடுவோரிடமிருந்தே பெறுதல் வேண்டும். தோட்டத்தில் நட்ட இடத்தில் பெயர்ப்பலகை ஒன்றை நாட்டி, அதில் நச்சுச்செடி என எழுதி வைப்பதும் இன்றியமையாதது. கொடி மறைந்த மாதங்களில் மண்ணைத் தோண்டுவோருக்கு அப்பலகையே எச்சரிக்கையாகும்.