நியாண்டர்தால் மனிதர் சுட்டுத் தின்ற நண்டு

போர்ச்சுக்கலின் லிஸ்பன் நகருக்குத் தெற்கே, அர்ராபிதா மலை கடலில் இறங்கும் இடத்தில் ஃபிகெய்ரா பிராவா என்றொரு குகை இருக்கிறது. ஏறத்தாழ 90 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே தங்கியிருந்த நியாண்டர்தால் மனிதர்கள் நண்டு சுட்டுத் தின்று ஓடுகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஓட்டுத் துண்டுகளை மரியானா நபைஸ் என்ற தொல்லியலாளரின் குழு ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது.

உடைந்த ஓட்டை வைத்து என்ன சொல்ல முடியும்? நிறையவே சொல்லலாம். நண்டின் உடம்பில் தடித்த ஓடு கொடுக்கில்தான். மெல்லிய பாகங்கள் நொறுங்கிப் போனாலும் அது தாக்குப்பிடிக்கும். கொடுக்கு எவ்வளவு பெரிதோ அதற்கேற்ப முதுகோடும் அகலமாக இருக்கும் என்பதால், ஒன்றை அளந்து மற்றதைக் கணக்கிடலாம். அப்படிக் கணக்கிட்டபோது, பெரும்பாலானவை சுமார் 16 செ.மீ. அகலமுள்ள, முழுதாக வளர்ந்த பழுப்பு நண்டுகள் என்று தெரிந்தது. ஒன்றை உடைத்தால் ஏறத்தாழ 200 கிராம் சதை கிடைக்கும். கையில் பட்டதையெல்லாம் அள்ளாமல், பெரிதாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

பறவையோ விலங்கோ இவற்றைக் குகைக்குள் கொண்டுவந்திருக்கலாமே? ஆனால் ஓடுகளில் பல் பதிந்த தடம் இல்லை. சதையை எடுக்கத் தட்டி உடைத்த அடையாளம் இருக்கிறது. சில ஓடுகள் கருகியும் இருக்கின்றன. அந்தக் கருமையைப் பார்த்து, 300 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடு பட்டிருக்கிறது என்று கண்டார்கள். தணலில் சுடும்போது படுகிற சூடு அது.

கோடையில் கடல் வற்றும்போது பாறைக் குட்டைகளில் தங்கிவிடும் நண்டுகளைப் பிடித்திருப்பார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் வெகுதூரம் உள்வாங்கும். நல்ல நண்டு வேண்டுமானால் எந்த நாளில், எந்த வேளையில் இறங்குவது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த அறிவைத்தான் நெடுங்காலம் அவர்களுக்கு மறுத்துவந்தோம்.

தென்னாப்பிரிக்காவின் பின்னக்கிள் பாயிண்ட் குகையில், சுமார் 1,64,000 ஆண்டுகளுக்கு முன்பே நம் இன மனிதர்கள் பாறை மட்டி சேகரித்துத் தின்றதை கர்டிஸ் மரியன் குழு 2007இல் அறிவித்தது. கடலுணவிலுள்ள கொழுப்பு அமிலங்கள் மூளைக்கு நல்லவை. அதை உண்டதால்தான் நம் இனம் அறிவில் முந்தியது என்றும் சிலர் வாதிட்டார்கள். நியாண்டர்தால்கள் நிலத்தில் பெருவிலங்கு வேட்டையாடியவர்கள், அவ்வளவுதான் என்ற எண்ணமும் கூடவே நிலைத்தது. ஃபிகெய்ரா பிராவாவில் நண்டோடு மட்டி, சிப்பி, மீன் எல்லாமே கிடைத்திருக்கின்றன. அந்த வாதம் இனி நிற்காது.

ஐரோப்பாவில் இப்படிப்பட்ட சான்று அரிதாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் கடலேதான். சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது பழைய கரைகளும் அங்கிருந்த குப்பை மேடுகளும் மூழ்கின. ஆனால் அர்ராபிதாவையொட்டிக் கடலடி சட்டென்று ஆழமாகிறது. அதனால் கரை அங்கே வெகுதூரம் விலகவில்லை. பிடித்த நண்டைக் குகைக்கே தூக்கிவந்து சுட்டிருக்கிறார்கள்.