மாரடைப்புக்குப் பின் யார் துணை?

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரைக் கடுமையான மனச்சோர்வு பிடித்துக்கொள்கிறது. 'பெரிய கண்டத்திலிருந்து தப்பியவர், கொஞ்ச நாள் அப்படித்தான் இருப்பார்' என்று வீட்டாரும் மருத்துவர்களும் அதை நெடுங்காலம் தள்ளிவிட்டார்கள். 1993-இல் கனடாவின் மாண்ட்ரியலில் நான்சி ஃப்ரேஷர்-ஸ்மித் குழுவினர் மாரடைப்பு வந்த 222 பேரை ஆறு மாதம் கண்காணித்தபோது, மனச்சோர்வு உள்ளவர்களிடையே இறப்பு அதிகம் எனத் தெரிந்தது. அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு 2014-இல் மனச்சோர்வையும் அபாயக் காரணிகளில் சேர்க்கப் பரிந்துரைத்தது.

சோர்ந்த மனம் இதயத்தைப் பல வழிகளில் தாக்குகிறது. மன அழுத்த ஹார்மோன்கள் கூடுகின்றன, ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, அழற்சி மிகுகிறது. இவற்றைவிட எளிய வழியும் உண்டு. மனம் விட்டுப்போனவர் மாத்திரையை மறக்கிறார், நடைப்பயிற்சியை நிறுத்துகிறார், விட்ட சிகரெட்டை மறுபடி எடுக்கிறார்.

இங்கேதான் துணை முக்கியமாகிறது. 1992-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் லிசா பெர்க்மன் குழுவினர் மாரடைப்பு வந்த 194 முதியவர்களை ஆராய்ந்தனர். மனம்விட்டுப் பேச ஆளில்லாதவர்களே ஆறு மாதத்துக்குள் அதிகம் இறந்தார்கள்.

ஆனால் 'துணை' என்றதும் கணவன் அல்லது மனைவி என்று எடுத்துக்கொள்வது பாதிதான் சரி. டிஸ்சார்ஜ் ஆகி வரும் ஆணுக்கு உப்புக் குறைத்துச் சமைக்கவும், மாத்திரையை எடுத்துக் கொடுக்கவும் பெரும்பாலும் மனைவி இருக்கிறார். அதே நோயுடன் திரும்பும் பெண்ணுக்கு அடுப்படியும் துவைக்காத துணியும் காத்திருக்கின்றன. சமத்துவத்துக்குப் பெயர்போன சுவீடனிலும் நிலைமை அவ்வளவு வேறாக இல்லை. ஸ்டாக்ஹோமில் கிறிஸ்டினா ஊர்த்-கோமேர் குழுவினர் 30 முதல் 65 வயதுக்குட்பட்ட 292 பெண் இதய நோயாளிகளை ஆராய்ந்து 2000-இல் முடிவுகளை வெளியிட்டனர். துணைவருடன் வாழ்ந்தவர்களில், இல்லறத்தில் கடும் உரசல் இருந்த பெண்களுக்கு இதயச் சிக்கல் திரும்பவும் வரும் ஆபத்து 2.9 மடங்கு. வேலைக்குப் போனவர்களிடம் அலுவலக அழுத்தம் அப்படி ஒரு விளைவைக் காட்டவில்லை.

வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தால் போதாதா? மாண்ட்ரியலிலேயே அதைச் சோதித்தார்கள். 1,376 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு மாதம் ஒருமுறை தொலைபேசியில் மனநிலை விசாரிப்பு. மதிப்பெண் மோசமானால் செவிலியர் வீட்டுக்கே வருவார். 1997-இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. ஆண்களுக்குப் பலனில்லை. பெண்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5 சதவீதம் பேர் இதய நோயால் இறக்க, கவனிக்கப்பட்டவர்களில் 9.4 சதவீதம் பேர் இறந்தனர். அது தற்செயலாக இருக்கவும் இடமுண்டு. ஆனாலும் அக்கறை எந்த வடிவில் வந்தாலும் நல்லது என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் 2,481 பேரிடம் நடந்த பெரிய ஆய்வும் (2003) மனச்சோர்வைச் சற்றுக் குறைத்ததே தவிர ஆயுளைக் கூட்டவில்லை. அதில் மாரடைப்பு வந்த சில வாரங்களிலேயே உளவியல் சிகிச்சை தொடங்கப்பட்டிருந்தது.

ஸ்டாக்ஹோம் குழு வேறு வழியில் போனது. 237 பெண்களில் ஒரு பகுதியினர், மருத்துவமனைக்கு வந்து நான்கு மாதம் ஆன பிறகு, நான்கு முதல் எட்டுப் பேர் கொண்ட பெண்கள் மட்டுமான குழுக்களாக ஓராண்டில் 20 முறை கூடினார்கள். உடலைத் தளர்த்தும் பயிற்சி, மருந்து ஒழுங்கு ஆகியவற்றோடு வீட்டிலும் வேலையிலும் வரும் நெருக்கடியைச் சமாளிப்பதும் பாடமாக இருந்தது. சராசரியாக ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 20 சதவீதம் பேர் இறந்திருந்தனர்; கூடிப் பேசியவர்களில் 7 சதவீதம் பேரே. சிறிய ஆய்வுதான். ஆனாலும் முதல் அதிர்ச்சி அடங்கியபின், தன்னைப் போன்றவர்களோடு, நீண்ட காலம் என்ற மூன்றும் சேர்ந்தே பலன் தந்திருக்க வேண்டும்.

மனச்சோர்வைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த ஸ்கேன் வேண்டாம். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் போனதா, மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருந்தீர்களா என்ற இரண்டு கேள்விகளே முதற்கட்டச் சோதனை. டிஸ்சார்ஜ் நாளில் மட்டுமல்ல, சில மாதம் கழித்து வரும் பரிசோதனையிலும் அவற்றைக் கேட்க வேண்டும். பெண் நோயாளியிடம், உடன் வந்தவரைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.